ஐந்து நிமிடத்துக்கு முத்திரை வேண்டி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: முதல் வீடு தேடும் வாடகைக் குடித்தனக்காரன், குரோம்பேட்டை.

பெறுநர்: சட்டமுறை எடையளவு அதிகாரி அவர்கள், தொழிலாளர் துறை, சென்னை.

பொருள்: இணையத்தில் விற்பனைக்கு வரும் வீடுகளின் நிமிடம், சதுர அடி, வாஸ்து சதவீதம் ஆகியவற்றைச் சோதித்து முத்திரையிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் வெண்டைக்காய் விற்பவரின் தராசில் உங்கள் முத்திரை இருக்கிறது. அது காலாவதியானால் நீங்கள் வந்து பிடிக்கிறீர்கள். மறுநாள் பேப்பரில் செய்தியும் வருகிறது. கால் கிலோவில் பத்து கிராம் குறைந்தால் எனக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. அந்த ஒரு ரூபாயைக் காக்க 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் அதை அமல்படுத்த ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இருபது வருடம் தவணை கட்டி நான் வாங்கப்போகும் வீட்டை அளக்கிற கோலை யார் சோதித்தார்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் நிமிடம். தாம்பரத்துக்கு 10 நிமிடம், கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு 5 நிமிடம், விமான நிலையத்துக்கு 15 நிமிடம் என்று ஒரு விளம்பரம். பொங்கல் விடுமுறை முடிந்து ஊரே திரும்பும் நாளில் பெருங்களத்தூரைக் கடந்த எவருக்கும் இது வேறு ஏதோ கிரகத்து நிமிடம் என்பது புரியும். விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டேன். "உள்ளாற ஒரு ரோடு வரப்போகுது சார், அது வந்துட்டா அஞ்சே நிமிஷம்" என்றார். வரப்போகிற சாலை, தூண் மட்டும் எழுந்து நிற்கிற மெட்ரோ நிலையம் ஆகியவற்றிலிருந்து அளக்கப்படும் இந்த எதிர்கால நிமிடத்துக்கு எத்தனை விநாடி என்று உங்கள் அலுவலகம் அரசிதழில் வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

அடுத்தது சதுர அடி. இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 1956-இல் மெட்ரிக் முறை சட்டமானதும் படி, வீசை, பலம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்பினீர்கள். சதுர அடி மட்டும் எந்தச் சந்து வழியாகத் தப்பியது? கூடவே 2,400 சதுர அடிக்குக் கிரவுண்டு, 435.6 சதுர அடிக்கு சென்ட் என்று இரண்டு உறவினர்களையும் அழைத்துப் போயிருக்கிறது. கிராமத்துப் பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருப்பதை எடுத்துக்கொண்டு வந்து, விளம்பரத்தின் சென்ட்டோடு பொருத்திப் பார்ப்பது முதல் வீடு வாங்குபவனுக்கு அரசு நடத்தாத கணிதத் தேர்வு.

சரி, சதுர அடி என்றாவது ஒன்று இருக்கிறதா என்றால் அதிலும் மூன்று ஜாதி. கார்பெட், பில்ட்-அப், சூப்பர் பில்ட்-அப். இணையதளத்தில் 1,200 சதுர அடி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு வீட்டுக்கு நேரில் போய் டேப் பிடித்தால் 850 வந்தது. மீதி 350 எங்கே என்றேன். "காமன் ஏரியா சார். லிஃப்ட், படிக்கட்டு, லாபி, செக்யூரிட்டி ரூம்..." சதுர அடி 6,500 ரூபாய். ஆக, ஒரு கால்மிதி போடக்கூட எனக்கு உரிமையில்லாத இடத்துக்கு 22 லட்சத்து 75 ஆயிரம்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) கார்பெட் ஏரியா என்றால் என்ன என்று தெளிவாகவே சொல்கிறது: உள்ளே புழங்கும் தளம், உட்சுவர்கள் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. சட்டம் சொன்னது உண்மை. ஆனால் விளம்பரத்தில் பெரிய எண் பெரிய எழுத்திலும், கார்பெட் எண் 'மேலும் படிக்க' என்பதற்குக் கீழேயும் வசிக்கின்றன. வரி போடும்போது மட்டும் அரசாங்கம் ஏமாறுவதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. சென்னை போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டருக்குள்ளும் 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம். அந்த 60 சதுர மீட்டர் கார்பெட் ஏரியாதான். வரித்துறையிடம் போய் "சூப்பர் பில்ட்-அப் சார்" என்று யாரும் பல்லிளிக்க முடியாது.

யூடிஎஸ் என்ற பிரிக்கப்படாத மனைப் பங்கை விளம்பரத்தில் தேடுவது இன்னும் சிரமம். கட்டடம் பழசாகி மதிப்பு இறங்கும். கடைசியில் கையில் நிற்பது அந்த மண்தான். நான் பார்த்த தளங்களில் பூஜை அறை உண்டா, நாய் வளர்க்கலாமா, கிழக்குப் பார்த்த வாசலா என்றெல்லாம் ஃபில்டர் உண்டு. மண் எவ்வளவு என்பதற்கு இல்லை.

விலையைப் பற்றிச் சுருக்கமாக. இன்னொரு விளம்பரத்தில் 48 லட்சம் என்பதன் தோளில் ஒரு நட்சத்திரக் குறி. அதற்குப் பின்னால் கார் பார்க்கிங், மின் இணைப்பு, கார்பஸ் ஃபண்ட், முன்கூட்டிய பராமரிப்புத் தொகை என்று ஒரு கூட்டம் நிற்கிறது. திறந்தவெளி, ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனியாக விற்க முடியாது என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் இப்போது யாரும் விற்பதில்லை, 'ஒதுக்குகிறார்கள்'. தொகை அதேதான். இந்த வியாபாரம் முழுவதிலும் முத்திரை என்று நான் கண்டது முத்திரைத் தீர்வை ஒன்றைத்தான்; அதையும் நானே கட்ட வேண்டும்.

ஏரிக்காட்சி என்ற அளவையையும் ஆராயக் கோருகிறேன். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு வெள்ளமாக ஊருக்குள் வந்தபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் சிரமம்கூட யாருக்கும் இருக்கவில்லை, காட்சி ஹாலுக்கே வந்தது. விளம்பரப் படத்தில் நீலம் மட்டும் இருக்கிறது, மட்டம் இல்லை. 100 சதவீத வாஸ்து என்கிறார்கள். இன்னொருவர் 120 சதவீதம் என்கிறார். அதிகப்படியான 20 சதவீதம் எந்த மூலையில் இருக்கிறது என்று சோதிக்க உங்களிடம் கருவி உண்டா?

உரிமையாளரே நேரடியாக விற்கிறார் என்று போட்டிருந்த வீட்டுக்கு என் எண்ணைக் கொடுத்தேன். சில நிமிடங்களில் (இவை மட்டும் அசல் நிமிடங்கள்) அழைப்பு. "அது முடிஞ்சிருச்சு சார். பக்கத்துலயே அதைவிட நல்லதா ஒண்ணு இருக்கு, பட்ஜெட் மட்டும் கொஞ்சம் ஏத்துங்க." முடிந்துபோன அந்த வீடு இன்றும் தளத்தில் மூன்று தரகர்களின் பெயரில், மூன்று விலையில், ஒரே சோபாவின் படத்தோடு விற்பனைக்கு இருக்கிறது.

அளவு ஒழுங்காக இருக்கும் இடமும் இணையத்தில் இல்லாமலில்லை. பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். வருவாய்த்துறைத் தளத்தில் பட்டா பார்க்கலாம். ரெரா தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுத் திட்டத்தின் வரைபடத்தைப் பார்க்கலாம். அங்கே நீச்சல் குளமும் இல்லை, சோபாவும் இல்லை. அதனால்தானோ என்னவோ எங்கள் வீட்டில் எல்லாரும் இரவு பதினொரு மணிவரை பார்ப்பது மற்றதை. வில்லங்கச் சான்றிலும் பதிவான பத்திரம்தான் தெரியும், பதிவாகாத உயில் தெரியாது. மூலப் பத்திரங்களோடு வக்கீலிடம் போய்த்தான் ஆகவேண்டும். ரெராவுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது: மனை 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமல் இருந்தாலோ பதிவு தேவையில்லை. சென்னையின் இரண்டு கிரவுண்டு மனை கிட்டத்தட்ட 446 சதுர மீட்டர். கணக்கு எவ்வளவு அழகாக உட்காருகிறது பாருங்கள்.

ஆகவே, வெண்டைக்காய் வண்டியை இந்த வருடம் சற்று ஓய்வெடுக்க விட்டுவிட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு டேப் சகிதம் மேற்படி விளம்பரத் தளங்களுக்குத் தாங்கள் திடீர் சோதனைக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் நேரமில்லை என்றால் அந்த ஐந்து நிமிடத்துக்காவது முத்திரை இடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
850 சதுர அடிக்காரன்.

நகல்: முதல் வீடு தேடும் அனைவருக்கும். டோக்கன் கொடுக்கும் முன் கார்பெட் ஏரியா எத்தனை, யூடிஎஸ் எத்தனை என்று எழுத்தில் வாங்குங்கள். விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன்பு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக்கூடாது என்று ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. வெள்ளிக்கிழமையோடு ஆஃபர் முடிகிறது என்று அவசரப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள்.