பலகை மாறிய பஸ்

நெல்லியடியில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கொம்பனிக்கு வேலை செய்கிறேன் என்றால் ஊர் நம்பும். என்ன வேலை என்று கேட்டால்தான் சிக்கல். ஒருநாள் போனில் “கேர்னல் எழும்புதில்லை” என்று கத்திவிட்டேன். அம்மா குசினியால் ஓடிவந்தா.

“உந்தக் கேணல் கதையளை மெதுவாக் கதை தம்பி. றோட்டாலை சனம் போகுது.”

கேணல் இல்லை அம்மா, லினக்ஸ் கேர்னல். கையகலப் போர்ட் ஒன்றில் அதை 5.9இலிருந்து 5.10க்கு மாற்றியிருந்தேன். கறண்ட் கொடுத்தால் சீரியல் வயரால் எழுத்து மளமளவென்று ஓடிவரும். கடைசியில், ரூட் டிவைசுக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரி. பிறகு மூச்சில்லை. மத்தியானம் வரை அது காத்திருந்தது. நானும்தான்.

இரண்டு பதிப்புக்கும் இடையில் 16,000 அளவில் மாற்றங்கள். கிட் பைசெக்டைப் பிடித்துப் பாதிபாதியாக வெட்டிக்கொண்டு போனால் 14 தரத்தில் ஆள் அகப்படும். அகப்பட்டது: சவுண்ட் டிரைவர் ஒன்று. எங்கள் போர்டில் சவுண்டே கிடையாது!

சனியன், இடைக்கிடை ஒழுங்காகவும் எழும்பியிருக்கிறது. அதை நம்பி ‘நல்லது’ என்று குறித்தால் பைசெக்ட் கண்டவன் வீட்டுப் படலையைத்தானே தட்டும்? இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றையும் பத்துத் தரம் எழுப்பிப் பார்த்தேன். நடுவில் கறண்ட் நின்ற நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தமுறை பிடிபட்டது மெமரியைக் கவனிக்கும் எம்எம்சி டிரைவர். பூட் கெதியாக நடக்கட்டும் என்று 5.10இல் அந்த டிரைவர்களை வரிசை குலைத்து ஒரே நேரத்தில் ஓடவிட்டிருந்தார்கள். போர்டிலே ஒட்டிய இஎம்எம்சி ஒன்று, எஸ்டி காட் ஒன்று. முந்தினவருக்குப் பூச்சியம், பிந்தினவருக்கு ஒன்று. லினக்ஸ் பூச்சியத்தில்தான் இருக்கும் என்று எழுதிவைத்த புத்திசாலி நான்.

மாமாவிடம் சொன்னேன். இ.போ.ச.வில் பஸ் ஓடி இளைப்பாறியவர்.

“சந்தியிலை 750க்கு நிக்கிறாய். பஸ் வேறை பலகையோடை வந்து போட்டுது. நீ இன்னும் நிக்கிறாய். உதுதானே?”

உதுதான்.

“பலகையை ஆணியடிச்சு விடு.”

போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கேர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் ஏலியஸ் என்றொரு பகுதி உண்டு. பூச்சியம் இன்னார், ஒன்று இன்னார் என்று அதில் இரண்டு வரி எழுதினால், யார் முந்தினாலும் எண் மாறாது. எம்எம்சிக்கு அந்த வசதி வந்ததும் அதே 5.10இல்தான். ஐம்பது தரம் எழுப்பினேன். ஐம்பது தரமும் எழும்பியது.

பார்த்துக்கொண்டிருந்த மாமா மடியிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார்.

“உதுவும் எழும்புதில்லை. ஒருக்காப் பார்.”


சார்ஜ் இல்லை.