வட்டத்துக்குள்ள இறாலும் இருக்குது நைனா

வா நைனா, குந்து. அத்திப்பட்டுல மெஸ் போடப் போறியாமே? காசு குடுத்து ரிப்போர்ட்டே வாங்கியாந்திருக்கியாமே! காட்டு, நானும் கண்குளிரப் பாக்கறேன்.

அடடா, கலர் கலரா என்னா லட்சணம். ஸ்டேஷன நடுவுல வெச்சு அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம். உள்ள இருக்கற ஜனம் பூரா உன் கடைக்குத்தான் வருமாக்கும்? இந்தாண்ட பாரு: பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, சாம்பல் குட்டை. இறாலுக்கும் இலை போட்டு சாம்பார் ஊத்து.

அதென்ன, 2011 ஜனத்தொகைக் கணக்கா? அப்பப் பொறந்த புள்ளைக்கு இப்ப மீசை அரும்புது. 2021-ல எடுக்க வேண்டியதக் கொரோனா முழுங்கிடுச்சு. அடுத்தது 2027 மார்ச் 1-ஐ வெச்சுன்னு சொல்லியிருக்காங்கோ. நடுவுல, 2024-ல, வடசென்னை அனல் மின் நிலையத்துல 800 மெகாவாட்டுல புதுசா ஒண்ணு தொறந்தாச்சு. காண்ட்ராக்ட் வேலைக்கு வந்த வடக்கத்திப் பசங்க உன் ரிப்போர்ட்டுல எந்தப் பக்கத்துல இருக்கானுங்கோ? ரொட்டி கேக்கறவனுக்கு நீ வத்தக்குழம்பு ஊத்தப் போறே.

"நடுத்தர வருமானம்"னு வேற போட்டிருக்கான். கணக்கெடுக்க வந்த டீச்சரம்மா டிவி இருக்கா, சைக்கிள் இருக்கா, விறகடுப்பா கேஸான்னுதான் கேட்டுச்சு. சம்பளம் எவ்ளோன்ற கேள்வியே அதுல கெடையாது. அப்ப வருமானத்த எங்கிருந்து புடிச்சான்? என் சைக்கிளப் பாத்தா? அதுவும் மச்சானோடது.

கணக்கெடுக்கறவங்க ஆளை அவன் தங்குற வீட்டுல எண்ணுவாங்க. பசிக்கற நேரத்துல அவன் எங்க நிக்கறான்றதுதானே உனக்கு வேணும்? இங்க ரயில் ஏறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போறவன் மத்தியானம் அங்கியே கேன்டீன்ல துன்னுடுவான், ராவுல பொண்டாட்டி கைச்சோறு. வெளியூர்லருந்து வந்து இறங்கறவன் உன் வட்டத்துலயே இல்ல. கையில தூக்கு இல்லாம வர்றவன் அவந்தான்.

ஷிப்ட் மாறுறப்போ போயி நில்லு. ஞாயித்துக்கிழமையும் போ. கேட்டுக்கு அந்தாண்ட இருக்கறவன் ரெண்டு இட்லிக்காகத் தண்டவாளம் தாண்டுறானான்னு பாரு. மாசக் கடைசில கடன் சொல்றவன் எத்தினி பேருன்னு டீக்கடைக்காரரக் கேளு. டீக்குக் காசு குடுத்துட்டுக் கேளு, இல்லாட்டி உன்னையும் சேத்து எண்ணிடுவாரு.

அட்வான்ஸ் குடுத்துட்டியா? இல்லையா? நல்லதாப் போச்சு. ரோட்டோரமா நம்ம கடை ஒண்ணு ரொம்ப நாளா சும்மாதான் கெடக்குது. அதுக்கு ரிப்போர்ட்டெல்லாம் வாணாம் நைனா. நானே சொல்றேன், அமோகமா ஓடும்.