சாலையைக் கட்டிக்கொடுக்கிறோம்

எங்கள் தெருமுனையில் ஒரு பலகை நிற்கிறது. ‘மாநிலப் பராமரிப்பு இத்துடன் முடிகிறது’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ராலே நகர எல்லைக்கு வெளியே வீடு வாங்கிய புதிதில், அது வேறு யாருக்கோ சொன்னது என்று இருந்துவிட்டேன். முதல் பனி விழுந்த அன்று விளங்கியது. பனி தள்ளும் வண்டி பலகைவரை வந்தது, அலகைத் தூக்கியது, திரும்பிப் போய்விட்டது. காரைத் தெருவில் இறக்க இரண்டு பொட்டலம் கல் உப்பு செலவானது. “சாம்பாருக்கு உப்பு இல்லைங்க, ரோட்டுக்குப் போட்டாச்சு” என்றாள் மனைவி.

ராலே இருக்கும் வட கரோலினா மாநிலத்தில் கவுண்ட்டிகள் சாலை பராமரிப்பதில்லை. 1931-இல், பொருளாதாரம் படுத்திருந்த காலத்தில், அவற்றின் சாலைகளையெல்லாம் மாநிலமே எடுத்துக்கொண்டது. இன்று அதன் கையில் ஏறக்குறைய 80,000 மைல். டெக்சாஸ்தான் இதை மிஞ்சும். அவ்வளவு பெரிய குடும்பத்தில் எங்கள் அரை மைலுக்கு இடமில்லை.

மனை வரைபடத்தில் ‘பொதுச் சாலை’ என்று போட்டிருக்கிறதே என்று விசாரித்தேன். பொது என்றால் யாரும் போகலாமாம். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று பொருளில்லையாம். மாநிலம் ஏற்கும்வரை, மனை போட்டு விற்றவரைத்தான் பிடிக்க வேண்டும். அவரோ கடைசி மனை விற்ற கையோடு கம்பெனியைக் கலைத்துவிட்டார். சாலை யார் பொறுப்பு என்று எழுதிய காகிதத்தை வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும் என்று சட்டமிருக்கிறது. மனுஷன் கொடுத்திருக்கிறார். வீட்டுப் பத்திரம் முடித்த க்ளோசிங் அன்று கை வலிக்க வலிக்க நான் போட்ட கையெழுத்துகளில் ஒன்று அதன் அடியில் இருக்கிறது. ஊரில் ரேஷன் கார்டு விண்ணப்பத்தையே மூன்று முறை படித்தவன் நான்.

ஆக, சாலை என்னும் பெண்ணைக் கரையேற்றும் பொறுப்பு தெருக்காரர்கள் தலையில். சாலையை மாநிலம் ஏற்கக் கோரும் எஸ்.ஆர்.-1 என்ற மனுவில் கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் மசியவில்லை. “குழி இருப்பதால்தான் எவனும் வேகமாக வருவதில்லை” என்றார். யோசித்தால் நியாயம்தான். மூன்று சனிக்கிழமை மெதுவடை கொடுத்துக் கரைத்தோம்.

பிறகு பொறியாளர் வந்தார். அவர் அதை ஆய்வு என்றார், எனக்குப் பெண் பார்க்கும் படலமாகவே பட்டது. அகலம் போதுமா, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, பத்தில் ஒரு மைலுக்கு இரண்டு வீட்டிலாவது ஆள் குடியிருக்கிறதா என்று விசாரணை. கேசரியை நீட்டினோம், கும்பிடாத குறையாக மறுத்துவிட்டார். பஜ்ஜியும் வைத்திருக்க வேண்டும்.

பின்னாலேயே சீர்வரிசைப் பட்டியல் வந்தது. குழிகளை அடைக்க வேண்டும், உடைந்த ஓரத்தைக் கட்ட வேண்டும், செம்மண் மூடிய வடிகாலைத் தோண்ட வேண்டும், எல்லாம் எங்கள் செலவில். அதாவது பராமரிப்பே தேவைப்படாத சாலையைத்தான் பராமரிக்க ஏற்றுக்கொள்வார்கள்.

கடைசி வரியில் என் தபால் பெட்டி இருந்தது. இந்த நாட்டுக்கு வந்து நான் சொந்தக் கையால் கட்டிய ஒரே கட்டடம் அது. இரண்டு கோடை, முழங்கால் வலி, ரசமட்டம் வைத்துப் பார்த்த செங்கல் வரிசை, உச்சியில் கோபுரம் மாதிரி ஒரு கூம்பு. மனைவி அதைக் கும்பாபிஷேகப் பெட்டி என்பாள். சாலைக்கென்று ஒதுக்கிய நிலத்தில் செங்கல் பெட்டி நிற்கக் கூடாதாம். மோதும் காருக்கு வலிக்காமல் தானே ஒடிந்து விழும் கம்பம்தான் நட வேண்டுமாம். மோதினால் ஒடியக் கூடாது என்றுதானே உள்ளே கம்பி வைத்துக் கட்டினேன்!

போன சனிக்கிழமை இடித்தேன். சம்மட்டி எதிர்வீட்டுப் பெரியவருடையது. கூம்பு மட்டும் உடையவில்லை, அதைத் துளசி மாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாள் மனைவி. முழுச் செங்கல் நூற்றுக்கு மேல் தேறியிருக்கிறது. வேண்டுபவர்கள் வண்டியோடு வரலாம், இலவசம். பலகையைத் தாண்டியதும் மெதுவாக ஓட்டுங்கள். மூன்றாவது குழியை அடைக்க இன்னும் வசூல் முடியவில்லை.