கீறல் விழாத வீரம்

சிக்கனத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் என் நண்பரின் ஸ்கார்ப்பியோவைப் பார்க்க வேண்டும். பல கை மாறி வந்த பழைய வண்டி, பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் ரகம். காடு மேடு ஏறுகிறவர்கள் நான்கு சக்கரமும் இழுக்கும் மாடலைத் தேடி மாதக்கணக்கில் அலைவார்கள், கூடுதல் விலையும் கொடுப்பார்கள். இவர் அலையவில்லை. ஃபோர்-வீல் டிரைவ் என்று அறிவிக்கும் ஸ்டிக்கர் ஒன்றை வாங்கிப் பின்கதவில் ஒட்டிவிட்டார்.

தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்துவிட்டு ஔவை புகழ்ந்து சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நானும் இந்த வண்டியில் கண்டதை மட்டுமே புகழ்கிறேன்.

முதலில் அதன் அடக்கம். ஏறக்குறைய 29 அங்குல டயர் இருந்த இடத்தில் புதுப்பேட்டையில் பேரம் பேசி வாங்கிய 32 அங்குல டயர்கள் நிற்கின்றன. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. முள் 80-ஐக் காட்டும்போது வண்டி 88-இல் ஓடுகிறது. தன் வேகத்தைக் குறைத்துச் சொல்லும் இந்தப் பண்பு, ஓடிய கிலோமீட்டரையும் குறைத்துக் காட்டுவதால் ஆயில் மாற்றும் செலவும் தள்ளிப்போகிறது. அத்தனை கனமான டயர்களைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பை, கம்பெனியிலிருந்து வந்த அதே பழைய பிரேக்குகள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. மிதி மட்டும் கொஞ்சம் ஆழமாக இறங்குகிறது.

அடுத்து உயரம். ஸ்பிரிங்குகளோடு லேத்தில் கடைந்த வளையங்களைச் சேர்த்து வண்டியை இரண்டு அங்குலம் தூக்கியிருக்கிறார். கல்லில் முதலில் இடிப்பது பின் ஆக்சிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல். வளையம் வைத்தால் ஆக்சிலுக்கு மேலே இருக்கும் உடல்தான் உயரும், டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் கூடிய மூன்று அங்குலத்தில் பாதி அளவுக்கு. ஆனால் அபார்ட்மெண்ட் வாசலில் நிற்கும்போது வண்டி கம்பீரமாக இருக்கிறது. இது மறுக்க முடியாத உண்மை. வளைவில் சாய்வது கூடியிருக்கிறது. முன்பக்க பால் ஜாயிண்டுகள் தங்களுக்கென்று வகுக்கப்படாத கோணத்திலும் உழைக்கப் பழகிவருகின்றன.

முன்னால் இரும்பு பம்பர். இதன் நடுநிலைமையை நான் எங்கும் கண்டதில்லை. மோதலின் விசையை வாங்கி மடிந்து கொடுக்க வேண்டியது வண்டியின் முன்பகுதி. சேசிஸோடு முடுக்கிய இரும்பு மடியாது. வெளியே குறுக்கே வந்த முதியவருக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும் சொந்தக் குடும்பத்துக்கும் அது ஒரே விதமாகத்தான் விசையைப் பங்கிடும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இத்தகைய பம்பர்களைச் சட்டவிரோதம் என்று சொல்லி நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நண்பருக்குச் சட்டத்தின் மேல் பெரிய மரியாதை. எஃப்.சி. நாளில் பம்பர், விளக்கு, டயர் எல்லாம் இறங்கிவிடும். மொட்டைமாடியில் தார்ப்பாய் போட்டுக் காப்பாற்றும் பழைய டயர்கள் அன்றைக்கு மட்டும் சாலையைப் பார்க்கும்.

கூரையில் எல்இடி விளக்கு வரிசை. தாராளமான வெளிச்சம். எதிரே டூவீலரில் வருகிறவருக்குச் சில நொடிகள் சாலை, பள்ளம், ஓரத்து ஆள் எதுவுமே தெரியாமல் போகும் அளவுக்குத் தாராளம்.

ஸ்னார்க்கலைப் பற்றி நிதானமாகவே புகழ வேண்டும். டீசல் எஞ்சின் தண்ணீரைக் குடித்துவிட்டால், காற்றைப்போல நீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் மூச்சுக்குழாயைக் கூரை வரை கொண்டுபோகிறார்கள். நண்பரின் ஸ்னார்க்கல் பார்வைக்கு ஒரு குறையும் இல்லாதது. ஃபில்டர் பெட்டியோடு சேரும் இடத்தில் மட்டும் விரல் நுழையும் இடைவெளி. எஞ்சின் அங்கேயிருந்துதான் மூச்சு விடுகிறது. அதை அடைத்தாலும் டிஃபரன்ஷியலின் பிரீதர் இருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியே தண்ணீரை இழுக்கும். கியர் ஆயில் பால்போலத் திரிந்துவிடும். பிரீதரில் இரண்டு மீட்டர் ரப்பர் குழாய் மாட்டி மேலே கட்டிவிட்டால் வேலை முடிந்தது. அதை அவர் வாங்கவில்லை. வெளியே தெரியாத பொருளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காத கட்டுப்பாடு அவருடையது. தேய்ந்துபோன சஸ்பென்ஷன் புஷ்கள், நிறம் மாறிய பிரேக் ஆயில், பின்னால் சேசிஸில் ஒரு கொக்கி இல்லாதது என எதுவும் அவர் மனதைக் கலைத்ததில்லை.

தேரிக்காட்டுச் செம்மணலில் அந்தக் கட்டுப்பாடு பலித்தது. 32 பிஎஸ்ஐ காற்றை 18 வரை இறக்கினால் டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். அதற்குத் தேவை ஒரு கேஜும், திரும்பக் காற்றேற்ற ஒரு சிறிய கம்ப்ரஸரும். இரண்டும் இல்லை. வின்ச் இருந்தது, ஆனால் அது போல்ட் போட்டிருந்தது சேசிஸில் அல்ல, பம்பரின் தகட்டில். இழுத்தால் பம்பர் வந்துவிடுமே என்று அவர் அதைத் தொடவில்லை. தன் வேலையைத் தானே இவ்வளவு துல்லியமாக அறிந்தவர்கள் குறைவு. ஒரு டிராக்டர் வந்து இழுத்தது.

கொழுக்குமலைக்குப் போனபோது சூரியநெல்லியில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளூர் ஜீப்பில் ஏறிக்கொண்டார். விடியுமுன் அந்தக் கல்பாதையில் ஏறும் பழைய மகிந்திரா ஜீப்புகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பட்டை ஸ்பிரிங், ஒட்டுப்போட்ட சீட், எல்இடி வரிசை கிடையாது, ஒடுங்காத தகரமே கிடையாது. நாள் தவறாமல் மேலே போய், கீழே வந்து, பட்டறையில் படுத்துக் கிடக்கின்றன. நண்பரின் ஸ்கார்ப்பியோவோ நிறுத்திய இடத்தில், நிறுத்திய பளபளப்போடு, ஒரு கீறலும் இல்லாமல் காத்திருந்தது.

அதன் பின்சீட்டில் அவருடைய இரண்டு குழந்தைகள் உட்காருகிறார்கள். எனக்கு அவர்களைத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நீளமாகப் புகழ்கிறேன். அடுத்து கூரைக்கு மேல் விரியும் கூடாரம் ஒன்று பழைய விலைக்கு வருகிறதாம். ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் வண்டியின் உச்சியில் அந்தப் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்கப் போகிறார்கள். பிரேக் பேடைப் பற்றிக் கேட்டேன். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்.