கட்டி விலையும் கப்பல் வாடகையும்

தூத்துக்குடியில் நான் ஃபார்வர்டிங் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கப்பல் கம்பெனிக்காரர்கள்தான் எங்களைத் தேடி வருவார்கள். "சார், கொழும்பு ஃபீடர்ல இடம் கிடக்கு, ரெண்டு பெட்டி தாங்க" என்று சாப்பாட்டு நேரத்திலும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கப்பல் அதிகம், சரக்கு குறைவு. 2016இல் கொரியக் கப்பல் கம்பெனியான ஹான்ஜின் சரிந்ததே அந்த நெருக்கடியில்தான். ட்ரூரி நிறுவனத்தின் கண்டெய்னர் வாடகைக் குறியீட்டின்படி, 2019இல் முக்கிய வழித்தடங்களில் நாற்பதடிப் பெட்டியின் சராசரி வாடகை 1,420 டாலர். அந்த மலிவை நம்பித்தான் பொள்ளாச்சி காயர் பித் என்ற தென்னை நார்த்தூள், ஐந்து கிலோ கட்டிகளாக இறுகி, ஐரோப்பாவின் பசுமைக்குடில்கள் வரை போனது.

கொரோனா வந்தது. வீட்டுக்குள் இருந்த அமெரிக்கர்கள் பொருள்களை வாங்கிக் குவிக்க, அங்கே துறைமுகங்கள் திணறின. காலிப் பெட்டிகளைக் கம்பெனிகள் சீனாவுக்கு விரட்டின. அங்கிருந்து கிளம்பும் பெட்டிக்குத்தான் காசு அதிகம். இங்கே யார்டில் பெட்டி இல்லை. 2021 செப்டம்பரில் அதே குறியீடு 10,377 டாலரைத் தொட்டது.

அந்த நாட்களில் பொள்ளாச்சிப் பக்கத்து ஏற்றுமதியாளர் ஒருவர் இன்வாய்ஸையும் வாடகைச் சீட்டையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "கட்டி விலையவிட கப்பல் வாடகை அதிகமா இருக்குதுங்களே அண்ணா" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. உள்ளே திருப்பூர் பனியன் இருந்தாலும் பித் இருந்தாலும் பெட்டிக்கு வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். பனியன் தாங்கும், பித் தாங்காது. களத்தில் பித்தை உலர்த்தி வாரும் பெண்களுக்கு அந்த ஆண்டு பாதி நாள் வேலை இல்லை. வாடகை ஏற்றம் பற்றிய செய்திகளில் அவர்கள் வரவே இல்லை.

2023 அக்டோபரில் வாடகை 1,400க்கும் கீழே இறங்கியது. மூச்சு விடுவதற்குள் செங்கடலில் கப்பல்கள் மீது யேமனின் ஹூதிகள் தாக்குதல். அவை சூயஸை விட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. 2024 ஜூலையில் 5,900 டாலர். சரக்கு அந்த அளவுக்குக் கூடிவிடவில்லை, பாதை நீண்டது. ஒவ்வொரு நடையும் பத்துப் பதினைந்து நாள் கூடுதலாக இழுத்ததால், கம்பெனிகள் 2021 லாபத்தில் கட்டிய புதுக் கப்பல்களையும் அந்தத் தூரமே விழுங்கிவிட்டது.

பெரிய இறக்குமதியாளர்கள் ஆண்டு ஒப்பந்தத்தில் தப்பித்துக்கொள்கிறார்கள். அன்றன்றைய விலைக்குப் பெட்டி எடுப்பவர் சின்ன ஏற்றுமதியாளர்தான். ஒரே துறைமுகத்துக்கு அனுப்பும் இருபது முப்பது பேர் சேர்ந்து மொத்தமாக ஒப்பந்தம் பேசினால் எந்தக் கம்பெனியும் காது கொடுக்கும். பொள்ளாச்சிக்குப் போகும்போதெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.