எதையும் சும்மா விடாத ஊர்

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸுக்குப் போகிறவர்கள் தவறாமல் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடம் ஒபெலிஸ்கோ. 67.5 மீட்டர் உயரத்தில், நடுச்சாலையில், ஒரு வேலையும் இல்லாமல் நிற்கிற வெள்ளைத் தூண். ஊர் பிறந்து 400 வருடம் ஆனதென்று 1936இல் எழுப்பினார்கள். எந்தப் பிறப்பு என்று மட்டும் கேட்கக் கூடாது.

1536இல் பெத்ரோ தெ மெந்தோசா என்ற ஸ்பானியப் பிரபு கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுவந்து இங்கே இறக்கினார். வெள்ளியை அள்ளிக்கொண்டு போகலாம் என்று கனவு. தலைவருக்கோ சிஃபிலிஸ் முற்றிப் படுக்கையே கதி. மண்ணின் சொந்தக்காரர்களான கெரந்தி மக்கள் ஆரம்பத்தில் மீனும் இறைச்சியும் கொடுத்தார்கள். ஒருநாள் வரவில்லை என்றதும் விருந்தாளிகள் சண்டைக்குப் போனார்கள். அதோடு சாப்பாடு நின்றது. எலி தின்றார்கள், பாம்பு தின்றார்கள், செருப்புத் தோலைக்கூட விடவில்லை. குதிரையைத் திருடித் தின்ற மூன்று பேரைத் தூக்கில் போட்டார்களாம். விடிவதற்குள் அந்த மூவரின் தொடைகளையும் யாரோ அறுத்துத் தின்றுவிட்டார்களாம். கூடவே இருந்த ஜெர்மானியச் சிப்பாய் உல்ரிச் ஷ்மிடல் எழுதிவைத்திருக்கிறார்.

மெந்தோசா ஊர் திரும்பும் வழியில் கடலிலேயே போய்ச் சேர்ந்தார். 1541இல் மிச்சமிருந்தவர்கள் ஊரைக் காலி செய்துவிட்டு அசுன்சியோனுக்கு நடையைக் கட்டினார்கள். இன்றைய நகரம் 1580இல் ஹுவான் தெ காராய் வந்து புதிதாக நிறுவியது. ஆக, 1936இல் நடந்தது நின்றுபோன கல்யாணத்துக்கு வெள்ளி விழா.

தேதி நெருங்கிவிட்டதால் ஆல்பெர்தோ ப்ரெபிஷ் என்ற கட்டடக் கலைஞர் சுமார் இரண்டே மாதத்தில் தூணை நிறுத்தினார். 1938இல் மேலே பதித்த கற்கள் பெயர்ந்து விழுந்தன. மறுவருடம் நகர மன்றம் கூடி, இடித்துத் தள்ளுங்கள் என்று தீர்மானமே போட்டது. மேயர் கோயெனெச்சே குறுக்கே விழுந்து தடுத்ததால்தான் அது இன்னும் நிற்கிறது. 2005இல் எய்ட்ஸ் தினத்தன்று அந்தத் தூணுக்கு ஒரு ராட்சத இளஞ்சிவப்பு ஆணுறையை மாட்டிவிட்டார்கள். மெந்தோசாவுக்குப் பொருத்தமான மரியாதைதான், சற்றே தாமதம்.

இடிக்கும் ஆசையை அதற்கு முன்பே மாயோ சதுக்கத்தில் உள்ள கபில்தோவிடம் தீர்த்துக்கொண்டார்கள். ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான 1810 மே புரட்சிக்குக் கருவறை அந்தப் பழைய நகர மன்றக் கட்டடம். பதினொரு வளைவுகளோடு இருந்தது. வடக்கே சாலை போட மூன்று போயிற்று, தெற்கே சாலை போட இன்னொரு மூன்று. தேசத்தின் தொட்டிலாயிற்றே என்று ஐந்தை மட்டும் விட்டுவைத்தார்கள். எதிரே இருக்கும் ஜனாதிபதி மாளிகையான காசா ரோசாதாவோ பொறாமையில் வளர்ந்தது. பக்கத்தில் கட்டிய தபால் அலுவலகம் கம்பீரமாக அமைந்துவிட்டது. ஜனாதிபதி ரோக்காவுக்குப் பொறுக்கவில்லை. தனக்கும் அதே மாதிரி கட்டச் சொன்னார். பிறகு நடுவே ஒரு வளைவை வைத்து இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். உற்றுப் பார்த்தால் இடமும் வலமும் பொருந்தாது.

செத்தவர்களுக்கும் இங்கே நிம்மதி கிடையாது. 1952இல் இறந்த, ஜனாதிபதி பெரோனின் மனைவி எவிட்டாவின் பதப்படுத்திய உடலை 1955இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் கடத்தி ஒளித்து, கடைசியில் பொய்ப் பெயரில் இத்தாலியின் மிலானில் புதைத்தது. அங்கிருந்து 1971இல் மாட்ரிட்டுக்கு, கணவர் பெரோனின் வீட்டுக்கே வந்தது. 1974இல் தாய்நாட்டுக்கு, 1976இல் ரெகோலேத்தா கல்லறைக்கு. ஏழைகளின் தலைவி இப்போது அவரைக் கண்டாலே ஆகாத பணக்காரக் குடும்பங்களுக்கு அண்டை வீட்டுக்காரி.

கொலம்பஸ் சிலை கதையும் இதுதான். இத்தாலியர்கள் அன்பளிப்பாகக் கொடுத்து, ஜனாதிபதி மாளிகைக்குப் பின்னால் 1921 முதல் நின்றவரை 2013இல் கீழே இறக்கினார்கள். 2015இல் அந்த இடத்துக்கு விடுதலைப் போராளி ஹுவானா அஸுர்துய் வெண்கலமாக வந்தார். கொலம்பஸ் துண்டு துண்டாகக் கிடந்து, பின்னர் ஆற்றங்கரையில் விமான நிலையத்துக்கு எதிரே போய்ச் சேர்ந்தார். அவரைத் துரத்திவிட்டு வந்த அம்மையாரையும் இரண்டே வருடத்தில் கிரேனில் தூக்கி வேறு சதுக்கத்தில் இறக்கிவிட்டார்கள்.