அரச நண்டுக்குச் சொந்த ஊர் எது?

கிளிநொச்சியில் ஒருவரை அறிமுகப்படுத்தினால் இரண்டாவது வசனத்துக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "தம்பிக்குச் சொந்த ஊர் எது?" இரணைமடுத் தண்ணீரில் மூன்று தலைமுறையாக வயல் விதைத்தவரும் "அப்பப்பா நெடுந்தீவு" என்று சொன்னால்தான் கேட்டவருக்கு மனம் ஆறும். "பரந்தன்" என்பது பதிலாகாது. அது வெறும் விலாசம். நண்டுகளை வகைப்படுத்தும் விஞ்ஞானிகளும் இந்தக் குணம் உள்ளவர்கள்தான் என்பது என் கட்சி. வட பசிபிக்கின் செந்நிற அரச நண்டுக்கு 1815இல் பெயர் வைத்தபோது கம்சாத்கா என்று ஊரையும் சேர்த்தே ஒட்டினார்கள். சேற்று நண்டு வகை ஒன்றுக்கு 1798இலேயே தரங்கம்பாடிப் பெயர் விழுந்துவிட்டது. அது பிலிப்பைன்ஸில் பிடிபட்டாலும் தரங்கம்பாடியான்தான். வகைப்பாடு என்பது சொந்த ஊர்க் கேள்வி. வாழிடம் என்பது "இப்ப எங்க இருக்கிறியள்?" என்ற கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன குழப்பம் வரும் என்பதற்கு அரச நண்டே சாட்சி.

முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பில் பிடித்த சேற்று நண்டு ஒன்றை, கொடுக்கைக் கட்டிவிட்டு, மல்லாக்கப் போட்டுப் பாருங்கள். கொடுக்கோடு சேர்த்துப் பத்துக் கால். கடைசிச் சோடி துடுப்புப்போலத் தட்டை. வயிற்று மடல் ஆணுக்குக் கூரிய முக்கோணம், பெண்ணுக்கு அகன்ற வட்டம். எப்படியானாலும் இடமும் வலமும் சரிசமன். அரச நண்டில் வெளியே தெரிவது எட்டுத்தான். கடைசிச் சோடி சூம்பிப்போய் ஓட்டுக்குள் ஒளிந்து, செவுள் துடைக்கும் தும்புத்தடியாக வேலை பார்க்கிறது. பெண்ணின் வயிறு ஒரு பக்கம் இழுபட்ட கோணல். ஒன்றரை மீற்றருக்கு மேல் கால் விரிக்கிற ராசகுடும்பத்துக்கு ஏன் இந்தக் கோணல்? பூட்டனார் வாடகைச் சங்குக்குள் குடியிருந்தவர்; சுருளுக்கு ஏற்ப வயிற்றை முறுக்கிக்கொண்டவர். வெற்றுச் சங்கை முதுகில் சுமந்து திரியும் துறவி நண்டுதான் அந்தப் பரம்பரை. வீட்டை ஒரு நிமிடமும் துறக்காத பிராணிக்குத் துறவி என்று பெயர் வைத்தவரை வேறொரு நாள் விசாரிக்கலாம். கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன வன்னிச் சனத்துக்கு அதன் நியாயத்தை விளக்கத் தேவையில்லை.

இதெல்லாம் வயிற்றெரிச்சலில் கட்டிய கதை என்பார்க்கு, 1992இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த மரபணு ஆய்வு இருக்கிறது. அரச நண்டு துறவி நண்டுக் குடும்பத்துக்குள்ளேயே போய் நின்றது. பின்னர் சிலர், ராசாவிலிருந்துதான் துறவி வந்தார் என்று மறுத்து வாதாடினார்கள். சங்கே காணாத ராசாவுக்குச் சங்கின் அச்சில் வயிறு எப்படி வாய்த்தது என்ற கேள்வியில் அந்த வழக்கு தடுக்கி விழுகிறது. நண்டல்லாதது நண்டு வடிவம் எடுப்பதற்கு 1916இல் பொரடெயில் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் பெயரே வைத்தார். நாம் "நண்டாதல்" என்போம். குறைந்தது ஐந்து தடவை அது தனித்தனியாக நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையின் மொழியில் சொன்னால், சேற்று நண்டுக்கு நண்டு வடிவம் வழிவழி வந்த முதுசம். அரச நண்டுக்கு அது தேடிய தேட்டம்.

"அப்படியானால் அவர் முல்லைத்தீவுக்கும் வரலாமே?" வரமுடியாது. அவருக்குக் குளிர் வேண்டும். வெப்பக் கடல்களில் அரச நண்டுக் குடும்பத்தார் இருந்தாலும் வெயில் எட்டாத ஆழத்தில்தான் இருப்பார்கள். சித்திரையில் உப்பேறி மாரியில் வெள்ளம் கலக்கும் களப்பு, சேற்று நண்டுக்கு மட்டுமே சரிவரும். ராசா போன இடம் நோர்வே. 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பசிபிக்கிலிருந்து கொண்டுபோய் பேரண்ட்ஸ் கடலில் விட்டார்கள். அடுத்த பத்தாண்டில் கடவுச்சீட்டுக் காட்டாமல் எல்லை தாண்டிவிட்டார். இன்று நோர்வேயின் வடமுனைக்குக் கிழக்கே அவர் அளவு வைத்துப் பிடிக்கவேண்டிய செல்வம். மேற்கே, எவ்வளவும் பிடித்துத் தள்ளக்கூடிய வந்தேறி. நண்டு ஒன்று, மரியாதை இரண்டு. அந்த வடநோர்வேயின் பின்மார்க் கரை மீன் தொழிற்சாலைகளுக்கு 1980களில் எங்கள் ஆக்களும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கும் இந்தக் கணக்குப் புதிதாக இருந்திராது.

"சட்டிக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானே, வகைப்பாடு எதற்கு?" என்று கடைசியாக ஒருவர் கேட்பார். சட்டிக்கு முன்னால் கடல் இருக்கிறது. ஒன்றென்று பலர் நினைத்திருந்த சேற்று நண்டு நான்கு இனம் என்று 1998இல் தெளிவாயிற்று. எந்த அளவில் பிடிக்கலாம் என்று விதி எழுதுபவருக்கு, நான்கும் ஒரே அளவில் முட்டைக்கு வருவதில்லை என்பது தெரியவேண்டும். ஆகவே சொந்த ஊரைக் கேளுங்கள், குறித்தும் வையுங்கள். ஆனால் காணியைப் பறிக்க அது காரணமாகக்கூடாது. தேசவழமை முதுசத்தையும் சொத்து என்கிறது, தேடிய தேட்டத்தையும் சொத்து என்கிறது. கோணல் வயிற்றோடு நண்டானவரும் நண்டுதான். ஒடியல் கூழுக்கு மட்டும் நந்திக்கடலானையே போடுங்கள்.